ஒட்டுப் போட்ட கடைசி ரீல்

எனக்குப் பிடித்த படம் எதுவும் எந்தக் கொட்டகையிலும் இரண்டாவது வெள்ளிக்கிழமையைப் பார்த்ததில்லை. திருப்பூரில் நான் வேலை செய்த சலவைப் பட்டறையில் இது எல்லோருக்கும் தெரியும். புதுப்படம் வந்தால் முதலில் நான் போய்ப் பார்த்துவிட்டு வரக் காத்திருப்பார்கள். மறுநாள் காலை தொட்டியில் பனியன் துணியை முக்கிக்கொண்டே ஒருவன் ஆரம்பிப்பான்.

"ஏப்பா, படம் எப்பிடி?"

"நல்லாருக்குது."

"நல்லாருக்குதாமா! கேட்டுக்குங்கப்பா, ஒருத்தரும் போயிராதீங்க."

தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நான் குப்பை என்று சொன்ன படத்துக்கு அன்று சாயங்காலமே சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள். அந்தப் படம் கட்டாயம் ஓடும். கொட்டகை ஆபரேட்டருக்கும் இந்த விஷயம் எட்டியிருந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர் அவர். ஒரே படத்துக்கு நான் இரண்டாவது முறை போனால் கையெடுத்துக் கும்பிடுவார். "அண்ணே, நீங்க மறுபடி வந்துட்டீங்கன்னா பெட்டிய கட்ட வேண்டியதுதாண்ணே" என்பார்.

இந்தப் பழக்கம் அமராவதி அணை கட்டும்போது வந்தது. கொமரலிங்கத்தில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே மண் சுமக்கப் போனேன். தங்குமிடம் என்று கொடுத்த தகரக் கொட்டகையில் மூட்டைப்பூச்சி ஆளைத் தின்றது. பக்கத்தில் ஒரு டெண்ட் சினிமா. நன்றாக ஓடும் படம் என்றால் மணலில் குந்தவும் இடமிருக்காது. ஓடாத படம் என்றால் மணல் முழுக்க நமக்கு. மல்லாந்து படுத்துக் காலை நீட்டிக்கொண்டு பார்க்கலாம். தூக்கம் வந்தால் தூங்கலாம். அப்படித் தூங்கப் போனவன்தான் விழித்திருக்க ஆரம்பித்தேன்.

ஓடுகிற படங்களுக்கு நான் போகாமல் இருந்ததில்லை. போனபோதெல்லாம் அருவருத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன். டிக்கெட் கொடுக்கிற பொந்துக்குள் நான்கைந்து கைகள் ஒரே நேரத்தில் நுழையும். உள்ளே போன கை வெளியே வரும்போது தோல் உரிந்திருக்கும். உள்ளே மணலைத் தோண்டினால் வெற்றிலை எச்சில், பீடித் துண்டு, குழந்தை மூத்திரம். ஒருமுறை எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் குடித்த சாராயத்தையும் தின்ற வாழைப்பழத்தையும் என் தோளில் வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டு வாயைத் துடைக்காமலே விசில் அடித்தான். திரையில் கதாநாயகன் தாயின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அழுதார்கள். நான் வெளியே போய்க் குழாயடியில் சட்டையைக் கழற்றி அலசினேன். அன்று முதல் தாயின் கண்ணீர் என்றால் எனக்கு வாழைப்பழ வாடைதான்.

ஓடாத படங்கள் எல்லாம் உயர்ந்த படங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாதிக்கு மேல் உண்மையிலேயே மட்டம். ஒன்றில் சாக்கில் செய்த முதலை ஆற்றில் நனைந்து இரண்டாக மடிந்துபோனது. கதாநாயகி மடிந்த முதலையைப் பார்த்து அலறினாள். இன்னொன்றில் சுவாமி வரம் கொடுக்கத் தூக்கிய கையில் கைக்கடிகாரம் கட்டிய வெள்ளைத் தடம் தெரிந்தது. ஒரு ராஜா படத்தில் ராஜா வேஷக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாள் வீசுவார். கூட்டம் ஊளையிட்டது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. எனக்குத் தெரிந்த ஆட்கள் வாள் வீசினால் அப்படித்தான் வீசுவார்கள்.

அணை வேலை முடிந்ததும் லாரியில் கிளீனராகப் போனேன். பிறகு ஓட்டலில் மேசை துடைத்தேன். சோமனூரில் விசைத்தறிக் கூடத்தில் இருந்தேன். அங்கே தறிச் சத்தம் மண்டைக்குள் புகுந்து, தறி நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அதை விட்டுத் திருப்பூருக்கு வந்தேன். சலவைப் பட்டறையில் சத்தம் இல்லை, நாற்றம் உண்டு. பனியன் துணியைக் காரத்தில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, ஆற்றோரத்தில் வெயிலில் விரிக்க வேண்டும். விரல் தோல் வெள்ளையாக ஊறி உரியும். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று நாக்குக்குத் தெரியாது. எவ்வளவு குளித்தாலும் அந்த நெடி போகாது. கொட்டகையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போவான். அந்த வகையில் எனக்கு எப்போதும் இடம் கிடைத்தது.

இனி நான் சொல்ல வந்த படம்.

அதன் பேரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை, யாருக்கும் நினைவிருக்காது. குடிகாரப் புருஷனிடம் அடிபடுகிற ஒரு பெண். ஒரு நாள் காலை வாசல் தெளித்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்படியே நடந்து போய்விடுகிறாள். பஸ் நிற்கிற ஓர் ஊரில் இட்டிலிக் கடை போடுகிறாள். யாரும் அவளைக் கெடுக்க வரவில்லை. எந்த நல்லவனும் காப்பாற்றவும் வரவில்லை. மாவாட்டுகிறாள், விறகு பிளக்கிறாள், இட்டிலி விற்கிறாள். பின்பாதியில் பாட்டே இல்லை. கடைசியில் புருஷன் திருந்தி, தாடி வளர்த்து, அவளைத் தேடிக்கொண்டு வருகிறான். காலில் விழாத குறை. அவள் இலையைப் போட்டு இட்டிலி வைக்கிறாள். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்கிறாள். அவ்வளவுதான். அவன் சாப்பிட்டுக் கை கழுவி, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பஸ் வருகிற பக்கம் போகிறான். அவள் அடுத்த ஈடு ஊற்றுகிறாள். படம் முடிந்தது.

முதல் நாள் சாயங்கால ஆட்டத்தில் நான் இருந்தேன். அவன் பஸ் பக்கம் போனபோது யாரும் எழுந்திருக்கவில்லை. அவன் திரும்பி வருவான், அல்லது பஸ்ஸில் அடிபடுவான், அவள் ஓடிப்போய்த் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள் என்று காத்திருந்தார்கள். விளக்கைப் போட்டதும்தான் புரிந்தது. பெஞ்சு டிக்கெட்டிலிருந்து சோடா பாட்டில் பறந்து திரையின் கீழே உடைந்தது.

"புருசன வெளிய அனுப்புறவ ஒரு பொம்பளையா?"

"கட்டுனவன் வந்து நிக்கிறான், இட்டிலி போட்டு ஏமாத்துறாடா!"

"இந்தப் படத்த எடுத்தவனுக்கு ஊட்ல பொம்பளைங்க இல்லியா?"

பாட்டிலை வீசிவிட்டு இதைக் கத்தியவன் எங்கள் பட்டறைக்காரன்தான். தன் பெண்டாட்டியை வாரச் சம்பளத்தன்று தெருவில் இழுத்துப்போட்டு அடிப்பவன். அவன் முகத்தில் உண்மையான வேதனை இருந்தது.

முடிவெட்டும் கடையில் கிடந்த வாரப் பத்திரிகையிலும் அந்தப் படத்தைக் கிழித்திருந்தார்கள். நம் பெண்களின் பண்பாடு தெரியாதவர்கள் எடுத்த படம், கதாநாயகி சிரிக்கவும் இல்லை அழவும் இல்லை, பார்ப்பவர்கள் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிற மாதிரி. எழுதியவர் படித்த மனிதராகத்தான் இருக்க வேண்டும். சோடா பாட்டில் வீசியவனுக்கும் அவருக்கும் சொல்வதற்கு ஒரே விஷயம்தான் இருந்தது. ஒருவர் மையில் எழுதினார், மற்றவன் கண்ணாடியில்.

அடுத்த இரண்டொரு நாளில் மறுபடி போனேன். கொட்டகையில் ஆள் இல்லை. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு பெண். முடிந்து வெளியே வரும்போது பார்த்தேன். எங்கள் முதலாளியின் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அக்கா. வெளுத்த துணியைக் கட்டுக்கட்டாக நான் கைவண்டியில் கொண்டுபோய்ப் போடுவேன். அவர் விளக்கில் விரித்துப் பார்த்து, "தம்பி, இங்க மஞ்சக்கறை, இங்க ஓட்டை" என்று திட்டித் திருப்பி அனுப்புவார். நாற்பது வயதிருக்கும். விதவை. தனியாகப் படத்துக்கு வந்ததை யாராவது கண்டால் பேச்சாகிவிடும். நான் பார்க்காதது போல வேறு வழியில் நடந்தேன்.

மறுநாள் துணிக்கட்டை இறக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"ஏனுங் தம்பி, நேத்து கொட்டாயில இருந்தது நீங்கதானுங்களே?"

"இல்லீங்க்கா."

"பொய் சொல்லாதீங்க. உங்க பிளீச்சிங் வாசம் எனக்குத் தெரியாதா?"

சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் படம் ஞாயித்துக்கெழம வரைக்கும் ஓடுமுங்களா?"

"எங்கீங்க்கா ஓடுறது? நான் ரெண்டாந்தடவ வேற பாத்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. துணியை மடித்துக்கொண்டே சொன்னார். மகளைப் பல்லடத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். புருஷன் அறைந்ததில் அவளுக்கு இடது காது கேட்காமல் போய், அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். திங்கட்கிழமை புருஷன் வீட்டார் கூட்டிப்போக வருகிறார்கள். சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் அனுப்பிவிடச் சொல்கிறது. மகளும் போகத் துணிமூட்டை கட்டி வைத்திருக்கிறாள்.

"உங்களுக்கு அனுப்ப மனசில்லியாக்கா?"

"எனக்கு மனசில்லைன்னு நான் சொல்ல முடியுங்களா தம்பி? பெத்தவளே குடி கெடுத்தான்னு பேசுவாங்க. அவளும் நாளைக்கி நாந்தான் பிரிச்சு வச்சேன்னு சொல்லிருவா." மடித்த துணியை ஒரு தட்டு தட்டினார். "படத்துல வர்ற அந்தப் பொண்ணு சொல்லட்டும். எம் மவ ஒருக்கா அதப் பாக்கட்டும். நான் வாயத் தொறக்க வேண்டாம் பாருங்க."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. ஒரு படத்தை நம்பி மகளின் வாழ்க்கையை விடுகிறாரே என்று. ஆனால் வேறு எதை நம்புவார் என்றும் எனக்குத் தெரியவில்லை. அன்று மாலையே ஆபரேட்டரிடம் போனேன்.

"கவலைய விடுங்கண்ணே" என்றார் அவர். "முந்தாநாளே பெட்டி கட்டச் சொல்லிட்டாக. அப்புறம் கொட்டகை முதலாளிக்கு ஒரு யோசனை வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை மேட்னி கட்டாயம் உண்டு. கூட்டமே வரும் பாருங்க."

கூட்டம் எதற்கு வரும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உண்டு என்பதே போதும் என்று திரும்பினேன்.

ஞாயிறு மத்தியானம் கொட்டகை வாசலில் உண்மையாகவே கூட்டம். பனியன் கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு நின்றார்கள். டெய்லர்கள், மிஷின் ஓட்டுகிறவர்கள், செக்கிங் பெண்கள், எங்கள் பட்டறைக்காரர்கள். சோடா பாட்டில் வீசியவனும் பெண்டாட்டியோடு வந்திருந்தான். அக்கா மகளுடன் வந்தார். வீட்டுக்கு வந்திருந்த ஒறம்பரையிடம் முருகன் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார். பொய்யாகிவிடக் கூடாதென்று வரும் வழியில் கோயிலுக்கும் போய்விட்டு வந்ததால் இருவர் நெற்றியிலும் திருநீறு இருந்தது. மகளுக்குப் பத்தொன்பது இருபது வயதிருக்கும். யாராவது பேசினால் முகத்தை லேசாகத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள்.

"இந்தண்ணன் நம்ம கம்பெனிக்குத் துணி வெளுக்குறவரு கண்ணு" என்றார் அக்கா.

"வாசத்துலயே தெரியுதுங்மா" என்றாள் மகள்.

மேட்னிக்குக் கறுப்புத் துணியால் பக்கங்களை மூடியிருந்தார்கள். கூரை ஓலையில் ஓட்டைகள். வெயில் வட்டவட்டமாகத் திரையில் விழுந்து, கதாநாயகியின் முகத்தில் அம்மைத் தழும்பு போலத் தெரிந்தது. வேர்வை, பொரிகடலை, பீடி, என் பிளீச்சிங் எல்லாம் சேர்ந்து காற்று கெட்டியாக இருந்தது. ஆனால் படம் பழையபடியேதான் போனது. அவள் வாசல் தெளித்தாள். வாளியைக் கவிழ்த்தாள். நடந்தாள். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி "போ சாமி போ" என்று முணுமுணுத்தது கேட்டது. அது அக்காவின் குரல் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

புருஷன் தாடியோடு வந்தான். அவள் இலையைப் போட்டாள். குனிந்து இட்டிலி வைத்தாள். நிமிர்ந்தாள்.

நிமிர்ந்தபோது வேறு சீலையில் இருந்தாள். குனியும்போது கட்டம் போட்ட பழைய நூல் சீலை, நிமிரும்போது சரிகைக் கரை போட்ட பட்டு. கழுத்து நிறைய நகை. உடம்பு கொஞ்சம் மெலிந்து, வயதும் குறைந்திருந்தது. அதே நடிகை முன்பு எப்போதோ நடித்த வேறு படம். எதிரே நின்றவன் தாடிக்காரன் இல்லை, வேறு ஒரு நடிகன், மழமழவென்ற முகம், பட்டு வேட்டி. மேளம் கொட்டியது. அவன் தாலி கட்டினான். அவள் அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வானத்திலிருந்து பூ விழுந்தது. அதோடு ஒரு பாட்டும் இருந்தது. திரையில் சுபம் என்று வந்தது.

கொட்டகை இடிந்துவிடும் போலக் கைதட்டினார்கள்.

நான் அருவருத்தது அந்த ஒட்டை அல்ல. ஆபரேட்டர் செய்தது மோசமான வேலை, அவ்வளவுதான். எனக்கு அருவருப்பாக இருந்தது கைதட்டியவர்களைப் பார்த்துத்தான். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யார்? ஒரு பனியனில் ஒரு தையல் தவறினால் தூக்கி எறிகிறவர்கள். ஊசி உடைந்து விழுந்த நூல்வரியை விரல் நுனியால் தடவியே கண்டுபிடிக்கிறவர்கள். ஒரு கட்டுத் துணியின் வெள்ளையும் இன்னொரு கட்டின் வெள்ளையும் ஒத்துப்போகவில்லை என்று என் முகத்தில் விட்டெறிகிறவர்கள். சீலை மாறியது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எனக்கு முன்னால் இருந்த டெய்லர் வாய்விட்டே சொன்னான், "சீல மாறிப்போச்சு, ஆளும் மாறிப்போச்சு." பக்கத்திலிருந்தவன் சொன்னான், "மாறட்டும் போ. இப்பத்தான் படம் மாதிரி இருக்குது." சொல்லிவிட்டு இரண்டு பேரும் கைதட்டினார்கள். சட்டையில் போட்டால் செகண்ட்ஸ் என்று ஒதுக்குகிற ஒட்டை, ஒரு பெண்ணின் மேல் போட்டபோது முதல் தரம் என்று வாங்கிக்கொண்டார்கள்.

சோடா பாட்டில்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெண்கள் பகுதியிலிருந்து வந்த அவன் பெண்டாட்டியைப் பார்த்து, "பாத்தியா, கடசில வந்துட்டா பாரு" என்றான். அவள் தலையாட்டினாள்.

நான் ஆபரேட்டர் அறைக்கு ஏறிப்போனேன். கார்பன் விளக்கின் புகையும் வெற்றிலை நாற்றமுமாக ஓர் அடுப்பு போல இருந்தது.

"என்னங்க இது அநியாயம்?"

"அண்ணே, என்னைய ஏண்ணே கேக்குறீங்க? வெட்டுன்னாக, வெட்டுனேன். ஒட்டுன்னாக, ஒட்டுனேன். அந்தப் பழைய பெட்டியில இந்தம்மா கல்யாணம் ஒண்ணுதான் கெடந்துச்சு. நேத்து ராத்திரி ஆட்டத்துலயே மாத்தியாச்சு, அதக் கேள்விப்பட்டுத்தான் இம்புட்டுக் கூட்டம்."

"வெட்டுன துண்டு எங்க?"

அவர் காலால் மூலையைக் காட்டினார். வெற்றிலை துப்புகிற தகர டப்பாவுக்குப் பக்கத்தில் பிலிம் சுருள்சுருளாகக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். கட்டம் போட்ட சீலையில் அவள். பிலிமின் ஒரு கட்டத்தில் கரண்டியோடு, அடுத்ததில் அதே கரண்டியோடு, அதற்கடுத்ததிலும். பாதிச் சுருள் சிவப்பு எச்சிலில் நனைந்திருந்தது. நான் அதைத் தொடவில்லை.

"அடுத்த ஆட்டத்துக்காவது இத மறுபடி ஒட்டலாமில்லீங்களா?"

"ஒட்டலாம்ணே. என் வேலைக்கு நீங்க வாரீங்களா?"

நான் இறங்கி வந்தேன். அக்காவும் மகளும் கொட்டகைக்கு வெளியே புளிய மரத்தடியில் நின்றிருந்தார்கள். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. மகள் தெளிவாக இருந்தாள், கொஞ்சம் சிரித்த முகமாகவும்.

"நல்லாத்தான் இருந்துச்சுங்மா" என்றாள். "கடசில சேந்துட்டாங்கல்ல. நாளைக்கி அவங்க வந்தா நானும் முரண்டு புடிக்காமப் போறேன். நீ ஒண்ணும் கவலப்படாத."

மூவரும் ரயில் பாதை ஓரமாக நடந்தோம். அவர்கள் முன்னால், நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால். சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆற்றோரம் விரித்திருந்த துணிகளை படத்துக்கு வராத எங்கள் பட்டறைக்காரர்கள் சிலர் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வழியில் ஒரு சாக்கடைப் பாலம். அதைத் தாண்டியதும் அக்கா நின்றார். மகளின் இடது பக்கமாக நடந்துகொண்டிருந்தவர், சுற்றி வந்து வலது பக்கம் சேர்ந்துகொண்டார்.

"கண்ணு, அது பொய்யி."

"எதுங்மா?"

"அந்தக் கல்யாணம். அது இந்தப் படமே இல்ல. சீல மாறுனத நீ பாக்கலியா?"

"பாத்தேன். சினிமாவுல அப்பிடித்தான் மாத்துவாங்கன்னு இருந்தேன்."

"நான் மொதல்லயே வந்து பாத்துட்டேன் சாமி. தனியா வந்தேன். யாருக்கும் தெரியாது." மகள் திடுக்கிட்டு முகத்தைத் திருப்பினாள். அக்கா நிறுத்தவில்லை. "அவன் வந்து நிப்பான். அவ சோறு போடுவா. சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொல்லுவா. அவன் கை கழுவிட்டுப் போயிருவான். அவ போவ மாட்டா. அதாங் கண்ணு கத."

மகள் அம்மாவை ஒட்டி நடந்தாள்.

"அவ்வளவு தகிரியம் எப்பிடிங்மா வந்துச்சு அவளுக்கு? ஒத்தையிலயா இருந்தா? கூட யாரு இருந்தாங்க?"

நான் படத்தை இரண்டு முறை முழுசாகப் பார்த்தவன். கூட யாரும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அப்பனோ ஆத்தாளோ இருந்ததாகக் கதையில் ஒரு பேச்சுகூடக் கிடையாது. மாவாட்டினால் அவள் ஆட்ட வேண்டும், விறகு பிளந்தால் அவள் பிளக்க வேண்டும். எனக்குப் பிடித்ததே அதுதான்.

அக்கா நடந்துகொண்டே, மகளைப் பார்க்காமல், ஆற்றுப் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"அவங்கம்மா இருந்தாங்கல்ல."

"அம்மாவா? நான் பாக்கலியே."

"அதையுந்தான் வெட்டிட்டாங்க. அவன் வந்து நிக்கையில அவங்கம்மா அடுப்போரமா கரண்டிய வச்சுட்டு நிப்பாங்க. ஒண்ணும் பேச மாட்டாங்க. அவன் ஒருக்கா அவங்களப் பாப்பான். அதுக்கப்பறந்தான் எந்திரிச்சுக் கை கழுவுவான்."

மகள் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, நீங்களும் பாத்தீங்களாமா. அம்மா சொல்றது நெசமாங்க? அப்பிடி ஒரு அம்மா வருதுங்ளா?"

அக்கா திரும்பவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"வருமுங்க" என்றேன். "கடசி ரீல்ல. நல்லா நடிச்சிருப்பாங்க."

திங்கட்கிழமை அவர்கள் வீட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை. தொட்டியில் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் துணிக்கட்டை இறக்கப் போனபோது அக்கா வழக்கம்போல விளக்கில் விரித்துப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"நாலு பேரு வந்தாங்க தம்பி. சோறு போட்டோம். சாப்பிட்டாங்க. போயிட்டாங்க."

"பேசுனாங்களா?"

"பேசாம இருப்பாங்களா? பேசுனாங்க. ஒறம்பரையும் பேசுச்சு. இன்னும் பேசும். பேசட்டும், போச்சாது போங்க." ஒரு துணியை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இதுல மஞ்சக்கறை இருக்குது. கொண்டுபோங்க."

அந்த வாரமே மகள் கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள். டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்து மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை.

ஒட்டுப் போட்ட படம் அடுத்த வெள்ளிக்கிழமையைத் தாண்டி ஓடியது, அதற்கடுத்ததையும். சோமனூரிலும் உடுமலையிலும் அந்தக் கல்யாணத் துண்டைச் சேர்த்தே ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பட்டறையில் என்னைப் பாராட்டினார்கள். "உனக்குப் புடிச்ச படம் ஓடுதப்பா, நீயும் திருந்திட்ட" என்றார்கள். தொட்டிக்குள் எச்சில் துப்பக் கூடாது என்பது சலவைக்காரனுக்கு முதல் பாடம். நான் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

கம்பெனியில் ஒரு நாள் துணிக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது கைமடிப் பெண்கள் அந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்யாணப் பாட்டு, அந்தப் பட்டுச் சீலை, அவன் எப்படித் தாலி கட்டினான் என்றெல்லாம். அக்காவின் மகள் தலை நிமிராமல் மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அதெல்லாம் ஒட்டுனதுங்க. நெசப் படத்துல அவ போவ மாட்டா. அவங்கம்மா கரண்டியோட நிப்பாங்க."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கம்மா பாத்துருக்குது. வேணும்னா அந்தண்ணனக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாங்க என்று சொல்லிவிட்டுக் கைவண்டியைத் திருப்பினேன்.